செங்கல் வண்டிக்காரியின் பேரனுக்கு

லிங்கம்,

நீ கிள்ளானிலிருந்து எழுதிய கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்துதான் படித்தேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, ஒரு பிழை கிடையாது. துறைமுக ஆபீசில் உனக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை கொடுத்தவர்கள் இந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள். அந்தக் கையெழுத்தில் நீ என்னென்ன எழுதுவாய் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. உடனே பதில் எழுதியிருந்தால் ஒரு தாய் மகனுக்கு எழுதக் கூடாத வார்த்தைகள் வந்திருக்கும் என்பதால் ஆறப்போட்டேன். ஆறவில்லை. ஆனாலும் இப்போது எழுத வேண்டிய காரணம் ஒன்று வந்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ கேட்டிருப்பது இதுதான். கல்யாணத்துக்கு வருகிறவர்களிடம் நானும் உன் அப்பாவும் உன் அம்மாயியைப் பற்றிப் பேசக் கூடாது. யாராவது வற்புறுத்திக் கேட்டால், என்னைப் பெற்றவளுடையது கட்டடக் கண்ட்ராக்ட் எடுத்து நடத்திய குடும்பம் என்று சொல்லிவிட வேண்டும். மாட்டு வண்டி, செங்கல், சூளை இதெல்லாம் எங்கள் வாயில் வரக் கூடாது. முக்கியமாக, விஷக்காய்ச்சல் வந்த வருஷத்தைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. இதெல்லாம் உன் மாமனாராகப் போகிறவரின் விருப்பம், உனக்கு இதில் தனிப்பட்ட அபிப்பிராயம் எதுவும் இல்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாய். அந்த வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. உனக்கே வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தால்கூட, இளவட்டம், நாலு பேர் முன்னால் கூச்சப்படுகிறான் என்று விட்டிருப்பேன். அபிப்பிராயமே இல்லாமல் தாயைப் பெற்ற பாட்டியை மறைத்து வைக்க ஒருவனால் முடிகிறது என்றால், அவனிடம் மறைத்து வைக்க வேறு என்ன மிச்சம் இருக்கப்போகிறது?

கண்ட்ராக்ட் என்ற வார்த்தையை உன் அம்மாயி கேட்டிருந்தால் வாயிலிருந்த புகையிலையைத் துப்பிவிட்டு, "அதென்னடா, திங்கிறதா?" என்று கேட்டிருப்பாள். அவள் பெயர் அங்கம்மா. பிரிக்பீல்ட்ஸில் எல்லோருக்கும் அவள் வண்டிக்கார அங்கம்மா. உனக்கு விவரம் தெரிந்தபோது அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. உன்னை மடியில் போட்டுக்கொண்டு கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுக்கிற கிழவியாகத்தான் நீ அவளைப் பார்த்தாய். அதற்கு முன்னால் அவள் யாராக இருந்தாள் என்பதை நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நல்ல பையனாக, நாகரிகமாக வளரட்டும் என்று உன்னைச் சுத்தமான கதைகளிலேயே வளர்த்துவிட்டேன். நாகரிகம் நன்றாகவே ஏறியிருக்கிறது. இப்போது மீதியையும் கேட்டுக்கொள்.

என் அப்பா முத்தையன் முசிறிப் பக்கத்துக்காரர். பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைகளிலிருந்து நகரத்துக்குக் கல் ஏற்றிப்போகும் வண்டிக்காரராக இங்கே வந்தார். கொஞ்ச காலம் கழித்து எங்களையும் கப்பலில் வரவழைத்தார். எனக்கு அப்போது பாவாடை கட்டும் வயது. அந்த நாளில் கோலாலம்பூர் முழுக்கக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். கிள்ளான் ஆற்றங்கரையில் சூளைகள் புகைந்துகொண்டே இருக்கும். துணி காயப்போட்டால் கரி படிந்துதான் எடுக்க வேண்டும். இன்று நீயும் உன் மாமனாரும் படியேறிப் போகிற பெரிய கட்டடங்களின் சுவருக்குள் என் அப்பா இழுத்த கல்லும் இருக்கிறது, என் அம்மா இழுத்த கல்லும் இருக்கிறது.

அப்பாவுக்கு ஆயுசு குறைவு. மழை நாளில் ஆற்றங்கரைச் சரிவில் வண்டி சாய்ந்து, பாரம் அவர் இடுப்பின் மேல் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். எழுந்து உட்காரவே இல்லை. அவரைப் புதைத்துவிட்டு வந்த மறுவாரம் அம்மா தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு மாடுகளைப் பூட்டினாள். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழச் சொல்லியிருப்பார்கள். நான் முன் தட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சூளை வாசலில் மற்ற வண்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒருவர்கூட வழிவிடவில்லை. அம்மா சாட்டையை மாட்டின் மேல் போடவில்லை, முதலில் நின்றவனின் காலடியில் போட்டாள். வழி தானாக வந்தது. சூளை முதலாளியான சீனத் தவுக்கை வெளியே வந்து பார்த்தார். வண்டியைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், "கல்லை ஏத்து" என்று மலாயில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கல்லை இழுப்பது ஆணா பெண்ணா என்ற கேள்வி அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. தோன்றியதெல்லாம் நம்மவர்களுக்குத்தான்.

நம்மவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. வெள்ளை வேட்டியும் கறுப்புக் கோட்டும் போட்டவர்கள் மாலையில் கூடி, தமிழர் முன்னேற்றத்தைப் பற்றிப் பேசிவிட்டு, சுண்டல் சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். அதற்குக் காரியதரிசியாக இருந்தவர் ரயில்வேயில் கிராணி. அப்போது அவருக்கு மீசை கறுப்பு. அவரை எல்லோரும் கிராணியார் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். நீ இன்றைக்கு மாமா என்று கூப்பிடுகிறாயே, அவர்தான்.

அவரும் இன்னும் மூன்று நான்கு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வீடு என்றால் தகரக் கூரை போட்ட அறை, பக்கத்தில் மாட்டுக் கொட்டகை. சாணி வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் பேசியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"இந்தாம்மா, நீ ரோட்டுல வண்டி ஓட்டிக்கிட்டுப் போறது நம்ம ஜனத்துக்கே தலைகுனிவா இருக்கு. சீனனும் மலாய்க்காரனும் பாத்துச் சிரிக்கிறான். ஒன்னைய ஊருக்கு அனுப்பி வைக்கச் சங்கத்துல முடிவு பண்ணியிருக்கோம்" என்றார்.

"ஊர்ல எனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"சொந்த பந்தம் யாராச்சும் இருப்பாங்க."

"இருந்தா நான் ஏன் சாமி கப்பல் ஏறுறேன்?"

"புருஷன் செத்துப் பதினாறு கூட ஆவல. மூலையில உக்கார வேண்டியவ சாட்டையப் புடிச்சிக்கிட்டு நிக்கிற. வயசுப் புள்ள வேற கூட இருக்கு."

"அந்தப் புள்ளைக்குச் சோறு வேணும். மூலையில உக்காந்தா நீங்க கொண்டாந்து போடுவீங்களா? போடுறதா இருந்தா இன்னைக்கே உக்காந்துடுறேன். எந்த மூலைன்னு சொல்லுங்க."

அம்மா எழுந்தாள். "அப்ப எந்திரிங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்றாள். கோட்டுப் போட்டவர்கள் வரிசையாகக் குனிந்து தகரக் கூரைக்கு வெளியே போனார்கள். அன்று முதல் என் அம்மா பிரிக்பீல்ட்ஸின் மானக்கேடானாள். கோயில் தெருவில் பெண்கள் அவளைக் கண்டால் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்குவார்கள். அந்தப் பெண்களின் வீட்டுச் சுவர் இடிந்தால் கல் கொண்டுவர அவளைத்தான் கூப்பிடுவார்கள். இதில் அவர்களுக்கு முரண்பாடே தெரியாது. சுவருக்கு வேறு கண், கல் சுமந்தவளுக்கு வேறு கண்.

அவள் நல்லவள் என்று நிரூபிக்க நான் இதை எழுதவில்லை. அவள் வாயைத் திறந்தால் நீ காதைப் பொத்திக்கொள்வாய். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கள்ளும் குடிப்பாள். ஆனால் என்னை அடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டவள் அவள்தான். கல் ஏற்றிய வண்டியிலேயே பள்ளிக்கூட வாசல் வரை வருவாள். "எம்மவ எழுத்துப் படிக்கிறா" என்று எதிரே வரும் ரிக்‌ஷாக்காரனிடம்கூடச் சொல்வாள். கல் தூக்கிக் காய்ப்புக் காய்த்த கையால் என் தலையைச் சிக்கெடுப்பாள், ஒரு முடி வலிக்காது. எனக்கு உலகத்தில் அவளைவிடப் பிரியமானவர்கள் யாரும் இருந்ததில்லை. நீ உட்பட.

இனி, மூச்சுவிடக் கூடாது என்று நீ எழுதிய வருஷத்துக்கு வருகிறேன். பெரிய யுத்தம் முடிகிற சமயம் அது. எனக்குக் கல்யாணமாகி, நீ தத்தித் தத்தி நடக்கும் குழந்தை. சீமையிலிருந்து ஒரு காய்ச்சல் வருகிறது என்றார்கள். வந்தபோது அது காய்ச்சல் மாதிரியே இல்லை. காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் மறுநாள் இருக்கமாட்டான். சூளைகள் நின்றுபோயின. ஆற்றங்கரையில் கூலிகள் குடியிருந்த லயன்களில் புருஷன் ஒரு பாயிலும் பெண்டாட்டி ஒரு பாயிலும் கிடப்பார்கள், தண்ணீர் கொடுக்க ஆள் இருக்காது. அரசாங்க வண்டி வரும், ஆனால் போக வேண்டிய இடம் அத்தனை இருந்தால் ஒரு வண்டி என்ன செய்யும்? பிணங்கள் வாசலிலேயே கிடந்தன.

தமிழர் முன்னேற்றச் சங்கத்தைக் காணோம். கோட்டுகள் ஒவ்வொன்றாக வீட்டைப் பூட்டிக்கொண்டு, அம்பாங் பக்கம், பூச்சோங் பக்கம், எங்கெங்கே உறவு இருந்ததோ அங்கெல்லாம் போய்விட்டன. சுண்டலுக்குத் தவறாமல் வந்தவர்களில் ஒருவர்கூடச் சவத்துக்கு வரவில்லை.

அம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் வண்டியில் வைக்கோலைப் பரப்பினாள். "எங்கம்மா போற?" என்று கேட்டேன். "கெடந்து நாறுதுல்ல. யாராச்சும் தூக்கணும்ல" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்ன காரணம். தர்மம், தொண்டு என்ற வார்த்தைகளெல்லாம் அவளுக்குத் தெரியாது. அவை தெரிந்தவர்கள் அம்பாங்கில் இருந்தார்கள். முதலில் என்னை வரவிடவில்லை. துணைக்கு வந்த வண்டிக்காரர் ஒருவரும் காய்ச்சலில் விழுந்த பிறகு, உன்னை அப்பாவிடம் விட்டுவிட்டு நானும் போனேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கற்பூரத்தை முடிந்து வைத்துக்கொண்டு போவோம். லயன் லயனாக நிறுத்தி, தூக்கி, வைக்கோலில் கிடத்தி, சுடுகாட்டுக்குக் கொண்டுபோவோம். குழி வெட்டக் கொஞ்சம் கிழவர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் இறக்கும்போது அம்மா பெயரைக் கேட்பாள். தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்வார்கள். பெயர் சொல்லி, "போய்ட்டு வா" என்று ஒரு பிடி மண் போடுவாள். பெயர் தெரியாவிட்டால், "போய்ட்டு வா தம்பி", "போய்ட்டு வா தாயி". இதைத்தான் லிங்கம், நீ மூச்சுவிடாமல் மறைக்கச் சொல்கிறாய்.

அப்படி ஒரு நாள் காலையில் ரயில்வே வீடுகள் பக்கமாக வந்துகொண்டிருந்தோம். பூட்டிய வீடு ஒன்றுக்குள்ளிருந்து யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது. அம்மா வண்டியை நிறுத்தினாள். சமையற்கட்டுப் பக்கம் போய்க் கதவை நெம்பித் திறந்தாள். உள்ளே ஒரு வயதான அம்மாள் தரையில் கிடந்தார், கையில் பித்தளைச் சொம்பு. அதைத்தான் சுவரில் தட்டிக்கொண்டிருந்தார். அது கிராணியார் வீடு. கிடந்தது அவரைப் பெற்றவர். காய்ச்சல் கண்டதும் கிழவியை வேலைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவியோடு அம்பாங்கில் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டார் மகன். வேலைக்காரி முன்வாசலைப் பூட்டிக்கொண்டு தன் உயிரைப் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். அவளைப் பெற்ற தாய் இல்லையே அது.

அன்று வண்டி வேறெங்கும் போகவில்லை. அம்மா அந்த அம்மாளைத் துடைத்து, வேறு புடவை சுற்றி, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் கஞ்சி காய்ச்சினேன். இரண்டு வாய் இறங்கியது. கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அந்த அம்மாள் ஒன்றையே கேட்டார்: "எம்புள்ள வந்துட்டானா?"

"வந்துக்கிட்டே இருக்காரும்மா. ரயிலு கொஞ்சம் லேட்டு" என்றாள் அம்மா.

"சாப்டானா?"

"சாப்டாரு. சாப்ட்டுட்டுத்தான் வர்றாரு."

பொய் சொல்ல அவளுக்கு வராது என்று நினைத்திருந்தேன். நன்றாகவே வந்தது. மறுநாள் மத்தியானம், அந்த மடியிலேயே, அந்த அம்மாளுக்கு உயிர் பிரிந்தது. அதற்கு முந்தைய நாளே அம்பாங்குக்கு ஆள் அனுப்பியிருந்தோம். கிராணியார் வந்தார். வீட்டுக்கு வரவில்லை, தெருமுனை வரை வந்தார். ரிக்‌ஷாவை விட்டு இறங்காமல், கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அவரிடம் நடந்து போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"முடிஞ்சு போச்சுங்க. உள்ள வாங்க, மொகத்தப் பாத்துருங்க" என்றாள்.

"கிட்ட வராத, அங்கயே நில்லு" என்றார் அவர். பிறகு, "நீயே எடுத்துட்டுப் போயிடு" என்றார்.

"கொள்ளி யாருங்க வைக்கிறது? நீங்க ஒரே மவன்."

"எனக்குக் குடும்பம் இருக்குல்ல. காலம் அப்படி இருக்கு. நீ புரிஞ்சிக்கணும்."

அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் வாயிலிருந்து என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியும், காத்திருந்தேன். "அவங்க பேரையாச்சும் சொல்லிட்டுப் போங்க" என்றாள். "காமாட்சி" என்று கைக்குட்டைக்குள்ளிருந்து சொன்னார். ரிக்‌ஷா திரும்பியது. தன் தாயின் பெயரைச் சொன்னதுதான் அந்த மனிதர் அன்று செய்த ஈமக்கிரியை.

அந்த அம்மாளைச் செங்கல் வண்டியில்தான் கொண்டுபோனோம். விறகு கிடைத்தது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, கொள்ளி வைப்பதில்லை என்றெல்லாம் நம்மிடம் இருக்கிற சட்டதிட்டங்களைச் சொல்ல அங்கே கோட்டுப் போட்ட ஆம்பிளை யாரும் இல்லை. அங்கம்மாதான் தீ வைத்தாள். "போய்ட்டு வாங்க காமாட்சியம்மா. ஒங்க புள்ள பின்னாலயே வர்றாரு" என்றாள்.

காய்ச்சல் போயிற்று, கோட்டுகள் திரும்பி வந்தன. கிராணியார் ஐயரைக் கூட்டிவந்து வீட்டுத் தீட்டைக் கழித்தார். தாய் செத்த தீட்டு இல்லை அது, என் அம்மா உள்ளே நுழைந்த தீட்டு. பிறகு சங்கத்தைக் கூட்டித் தீர்மானம் போட்டார். பிணம் ஏற்றிய வண்டி கோயில் தெருவுக்குள் வரக் கூடாது, நம்மவர் வீட்டு விசேஷங்களுக்கு அரிசியோ விறகோ அந்த வண்டியில் ஏற்றக் கூடாது. கை தூக்கியவர்களில் பாதிப் பேருடைய அண்ணன் தம்பி, மாமன் மச்சான் அந்த வைக்கோலில்தான் போனார்கள். ஒரு கைகூடக் கீழே தங்கவில்லை. தெருப் பிள்ளைகள் அவளைப் பொணவண்டி என்று கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தானாக வராது, வீட்டில் பேசுவதுதான் வெளியே வரும். தவுக்கை மட்டும் எப்போதும் போல "கல்லை ஏத்து" என்றார். அதனால்தான் நாம் சாப்பிட்டோம்.

எனக்கு மனசு பொறுக்கவில்லை. "அவரு அம்மாவ விட்டுட்டு ஓடுனத ஊருக்குச் சொல்லும்மா. நீ சொல்லாட்டி நான் கோயில் வாசல்ல நின்னு சொல்றேன்" என்று சண்டை போட்டேன். மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் கெடக்குறான் நாயி. அந்தக் கெழவிய நெனச்சுப் பாரு. பெத்த மவன் அம்போன்னு வுட்டுட்டுப் போய்ட்டான், பூட்டுன வூட்டுல கெடந்து செத்தான்னு ஊரெல்லாம் பேசுனா யாருக்குக் கேவலம்? அவளுக்குத்தான். மவன் வருவான் வருவான்னு நம்பிக்கிட்டே போய்ட்டா. அப்படியே இருக்கட்டும் வுடு" என்றாள்.

அதற்குமேல் அவள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. சாகும்வரை எடுக்கவில்லை. லோரிகள் வந்து கல் ஏற்ற ஆரம்பித்த பிறகு வண்டியை விற்றாள், மாடுகளை விற்க மனமில்லாமல் கடைசிவரை வைத்துக் காப்பாற்றினாள். உன்னைக் கழுத்தில் உட்காரவைத்துக்கொண்டு ரயில் காட்டப் போவாள். உனக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு உன் பக்கத்திலேயே கிடந்தாள், என்னைக்கூட நெருங்கவிடவில்லை. நீ பரீட்சையில் தேறிய அன்று பிரிக்பீல்ட்ஸ் முழுக்க, தன்னைக் கண்டால் ஒதுங்கியவர்கள் வீட்டுக்குக்கூட, கற்கண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். சிலர் வாங்கி வைத்துவிட்டு அவள் தலை மறைந்ததும் குப்பையில் போட்டார்கள். அவளுக்கும் அது தெரியும். போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் அவள் செத்தபோது, கிள்ளானுக்குக் குடிமாறிப்போய், ஏதோ கூட்டத்துக்கு இங்கே வந்திருந்த கிராணியார் நம் தெரு வழியாகக் காரில் போனார். பறைச்சத்தம் கேட்டுக் கார் வேகம் குறைந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த மனிதர்தான் தன் மகளை உனக்குக் கொடுக்கிறார். உனக்கு அரசாங்க உத்தியோகம், நல்ல நிறம், தலை குனிந்து பேசுகிற பழக்கம். இப்படி ஒரு மருமகன் கிடைக்க அவர் தவம் செய்திருக்க வேண்டும். உன் அம்மாயி பிணம் தூக்கியது தெரிந்தால் அவர் வீட்டுப் பெண்கள் முகம் சுளிப்பார்கள் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். நீயும் நம்பிவிட்டாய். அவர் மறைக்கச் சொல்வது என் அம்மாவை இல்லையடா, அவரை. அவருடைய முகமூடியைக் கட்டிவிட உனக்கு நூல் பிடிக்கிற வேலை கொடுத்திருக்கிறார். நீ அபிப்பிராயம் இல்லாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்.

இதையெல்லாம் உனக்கு எழுதலாமா, என் அம்மா காப்பாற்றிய பேச்சை நான் உடைக்கலாமா என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். முந்தாநாள் அந்த யோசனைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. நீ கட்டிக்கொள்ளப்போகிற நீலா வந்தாள். கிள்ளானிலிருந்து ரயிலேறி, கூட ஒரு வயதான ஆயாவை அழைத்துக்கொண்டு, கையில் பழத்தோடு வாசலில் நின்றாள். நீயோ அவள் அப்பாவோ அனுப்பவில்லை, அவளாகவே வந்திருக்கிறாள். வாழப்போகிற வீட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். எனக்கு அப்போதும் அவள் மேல் நல்ல எண்ணம் இல்லை. அந்த வீட்டுப் பெண்தானே என்று நினைத்துக்கொண்டு காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"அம்மாயி படம் இல்லையா அத்தே?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"படம் எடுத்ததே இல்லம்மா" என்றேன்.

"எங்க அப்பாயி படம் எங்க ஹால்ல பெருசா மாட்டியிருக்கும். அப்பா தினமும் பூ வெப்பாரு. அவங்கள நான் பாத்ததில்ல, நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. அப்பா மடியில தலைய வெச்சிக்கிட்டுத்தான் உசுரு போச்சாம். ஊரே தெரண்டு வந்துச்சுன்னு சொல்வாரு."

என் அம்மாவின் மடியை அந்த ஆள் எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டிருக்கிறார். மாலை போட்டு, பூ வைத்து, தினமும். என் அம்மாவுக்கு இருந்த பெருந்தன்மை எனக்கு இல்லை லிங்கம். அங்கேயே, காப்பி ஆறுவதற்குள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பூட்டிய கதவைச் சொன்னேன், சொம்பைச் சொன்னேன், கைக்குட்டையைச் சொன்னேன். அந்தப் பெண் அழுவாள், இல்லை எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. கூட வந்த ஆயாதான் அழுதாள். நீலா முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். நான் பேசி முடித்ததும், "எனக்கு அந்த எடத்தக் காட்டுறீங்களா?" என்று கேட்டாள்.

கூட்டிக்கொண்டு போனேன். பார்க்க ஒன்றுமில்லை. லாலான் புல் இடுப்பளவு வளர்ந்து கிடக்கிறது. எந்த இடத்தில் விறகு அடுக்கினோம் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை, சுமாராகக் கை காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லுக்குள் போய் நின்றாள். வெயில் கொளுத்தியது. புடவையெல்லாம் புல்முள் ஒட்டிக்கொண்டது, தட்டிவிடவில்லை. திரும்பி வரும் வழியில்தான் பேசினாள்.

"எங்க அப்பாயி விஷயம் உங்க மகனுக்குத் தெரியுமா அத்தே?"

"தெரியாது" என்றேன். அது உண்மை.

"அம்மாயி வண்டி ஓட்டுனது? காய்ச்சல்ல செத்தவங்களையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போனது?"

"அது தெரியும்."

"அவருக்கு அவங்க மேல பாசம் இல்லையா?"

"அவ கழுத்துலயே வளந்தவன்மா அவன். அவ போனப்ப ஒரு வாரம் சோறு எறங்கல."

"அப்புறம் ஏன்லா என்கிட்ட கண்ட்ராக்ட் எடுத்தவங்கன்னு சொன்னாரு?" என்று கேட்டாள். என்னைக் கேட்டாளா தன்னையே கேட்டுக்கொண்டாளா தெரியவில்லை. என்னிடம் பதில் இருந்தது. "அத அவன்கிட்டயே கேட்டுக்கம்மா" என்றேன்.

கல்யாணம் நிற்கக் கூடாது என்று எனக்கு இப்போது ஆசை வந்துவிட்டது. உனக்காக இல்லை. அந்தப் பெண் என் வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக. நான் வருவேன், பந்தலில் உட்காருவேன், யாராவது என் அம்மாவைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுவேன். பிடிக்காத கிராணியார் வழக்கம் போலத் தெருமுனையில் ரிக்‌ஷாவில் இருந்துகொள்ளட்டும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை நீ அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறாய் என்று நீலா சொன்னாள். சாப்பாட்டுக்கு முன்னால் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்தக் கேள்வியைக் கேட்கப்போவதாகச் சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினாள். என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. அவளுக்குச் சொல்.

உன்னைப் பெற்றவள்.